வேர்ப்புழுவும் முதல் மழையும்

ராஜஸ்தான் மாநிலத்தின் ஜெய்ப்பூர் மாவட்டத்தில் மணற்பாங்கான நிலங்கள் மிகுதி. மழைக்காலத்தில் அந்நிலங்களில் நிலக்கடலையும் கம்பும் பயிராகின்றன. ஆகஸ்ட் மாதத்தில் நிலக்கடலை வயல் பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும். அந்தப் பசுமையின் நடுவே ஒருநாள் காலையில் ஒரு செடி மட்டும் வாடி நிற்கும். நீர் போதவில்லை என்று எண்ணி உழவர் நீர் பாய்ச்சுவார். சில நாள்களில் அதே வரிசையில் அடுத்த செடியும், அதற்கடுத்த செடியும் வாடும். ஐயுற்ற உழவர் ஒரு செடியைப் பற்றி மெல்ல இழுப்பார். எவ்விதத் தடையும் இன்றிச் செடி கையோடு வந்துவிடும். ஆணிவேர் இருக்க வேண்டிய இடத்தில் கடித்துத் தின்னப்பட்ட ஒரு முனை மட்டுமே எஞ்சியிருக்கும். அவ்விடத்து மண்ணைக் கைகளால் கிளறினால், பிறைபோல் வளைந்த கொழுத்த வெண்ணிறப் புழு ஒன்று வெளிப்படும்.

நிலக்கடலை விந்தையான பயிர். அதன் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று இறங்கி மண்ணுக்குள் புகுந்த பின்னரே காய் உண்டாகிறது. ஆதலால் ‘வேர்க்கடலை’ என்று பெயர் பெற்றிருப்பினும் அது வேரில் காய்ப்பதன்று. உழவர் எதிர்பார்த்திருக்கும் விளைச்சலும் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. அதை அழிக்கும் பகையும் அதே மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. செடி வாடிய பின்னரே பகை இருப்பது தெரியவருகிறது. அப்போது புழு நன்கு வளர்ந்து விடுவதால் அதனை அழிப்பது அரிதாகிறது.

ஒரு புழு, பல பெயர்கள்

இப்புழுவைத் தமிழில் வேர்ப்புழு என்றும் வெண்புழு என்றும் கூறுவர். ராஜஸ்தானில் இதன் பெயர் ‘சஃபேத் லட்’. குஜராத்தில் ‘முண்டா’ என்பர். மகாராஷ்டிரத்தில் கரும்பு பயிரிடுவோர் ‘ஹுமணி’ என்றும், கர்நாடகத்தில் ‘கொண்ணே ஹுளு’ என்றும், உத்தராகண்டின் மலைக் கிராமங்களில் ‘குர்முலா’ என்றும் அழைக்கின்றனர். ஒரு பூச்சிக்கு இத்தனை மொழிகளில் தனிப்பெயர் வழங்குவதிலிருந்தே அது எத்தனை மாநிலத்து உழவர்களுக்குத் துன்பம் தருகிறது என்பது விளங்கும்.

உண்மையில் இது ஒரே பூச்சியன்று. வண்டினத்தைச் சேர்ந்த பலவகைப் பூச்சிகளின் இளம்பருவத்திற்கே வேர்ப்புழு என்று பெயர். ஜெய்ப்பூர்ப் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் வண்டினை அறிவியலார் ஹோலோட்ரைக்கியா கன்சாங்குனியா என்று குறிப்பர். அதன் நெருங்கிய உறவாகிய ஹோலோட்ரைக்கியா செர்ரேட்டா என்னும் வண்டு மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் கரும்பைத் தாக்குகிறது.

வெண்ணிற உடல், பழுப்பு நிறத் தலை, வலிய தாடைகள், தலைக்குப் பின்னால் மூன்று இணைக் கால்கள் ஆகியவை வேர்ப்புழுவின் அடையாளங்கள். எனினும், வளைந்த வெண்புழு எதுவாயினும் அது பயிருக்குப் பகை என்று முடிவு செய்துவிடலாகாது. எருக்குழியில் காணப்படும் மிகப் பெரிய புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழுவாகும். அது மட்கிய பொருள்களை உண்டு வாழ்வது. நிலக்கடலையின் வேரை நாடுவதில்லை. சாணத்தை உருட்டிச் சென்று மண்ணில் புதைக்கும் சாணவண்டோ உழவருக்கு ஊதியம் கேளாமல் உழைக்கும் பூச்சி. மண்ணில் வாழும் உயிர்களுள் பயிரைக் கெடுப்பவை சிலவே.

மண்ணுக்குள் ஓராண்டு

ஜெய்ப்பூர்ப் பகுதி வேர்ப்புழுவின் வாழ்க்கை ஓராண்டில் நிறைவு பெறுகிறது. அதன் தொடக்கம் மழையோடு இணைந்தது. ஜூன் மாதத்தில் நல்ல மழை ஒன்று பெய்து மண் நனைந்ததும், அன்று மாலையே மண்ணுக்குள் இருக்கும் வண்டுகள் வெளிவரத் தொடங்குகின்றன. கதிரவன் மறைந்து இருள் கவியும் நேரத்தில், ஏறத்தாழ ஏழரை மணிக்கு, செம்பழுப்பு நிற வண்டுகள் தரையிலிருந்து கூட்டம் கூட்டமாக எழும். அவை அருகிலுள்ள வேம்பு, வன்னி, இலந்தை முதலிய மரங்களில் சென்று அமரும். அங்கே ஆணும் பெண்ணும் இணைசேரும். இரவு முழுவதும் இலைகளைத் தின்னும். பொழுது புலர்வதற்குள் மீண்டும் மண்ணுக்குள் சென்று மறைந்துவிடும். இவ்வாறு பகலில் மண்ணிலும் இரவில் மரத்திலும் அவை வாழும்.

பெண் வண்டு ஈரமான மண்ணில் முட்டையிடுகிறது. ஈரம் இல்லாவிடில் முட்டைகள் உலர்ந்து கெடும். வண்டுகள் மழைக்காகக் காத்திருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ பத்து நாள்களில் முட்டைகள் பொரிக்கின்றன. இளம்புழு முதலில் மண்ணிலுள்ள மட்கிய பொருள்களையும் மெல்லிய வேர்களையும் உண்கிறது. இருமுறை தோலுரித்து மூன்றாம் நிலையை அடையும்போது அதன் பசி பெருகுகிறது. அப்பருவம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அமைகிறது. நிலக்கடலையின் ஆணிவேர் அறுபடுவதும், கம்பின் சல்லிவேர்கள் அழிந்து பயிர் சாய்வதும் அப்போதுதான்.

மழைக்காலம் முடிந்ததும் புழு ஆழத்திற்கு இறங்கி, மண்ணாலேயே ஒரு சிற்றறை அமைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. குளிர்காலம் முதிர்வதற்குள் அது வண்டாக மாறிவிடுகிறது. ஆனால், முழு வளர்ச்சி பெற்ற பின்னும் வண்டு வெளிவருவதில்லை. உண்ணாமல், நகராமல், குளிர்காலம் முழுவதும் கோடைக்காலம் முழுவதும் அவ்வறையிலேயே தங்கியிருக்கிறது. மேலே மணல் கொதிக்கும் மே மாதத்திலும் அது கீழே அமைதியாகக் கிடக்கிறது. அடுத்த ஜூனில் நனைந்த மண்ணே அதற்கு அழைப்பு.

ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில் கழிக்கும் இப்பூச்சி, மனிதர் கைக்கு எட்டும் இடத்திற்குத் திரளாக வருவது முதல் மழையை அடுத்த சில இரவுகளில் மட்டுமே. ஆகஸ்ட் மாதத்தில் வயலில் வாடும் செடியைக் காப்பதற்கான வேலை, உண்மையில் ஜூன் மாதத்தில் மரத்தடியில் நடக்க வேண்டிய வேலையாகும்.

மரத்தடியில் ஓர் இரவு

வண்டுகளைத் திரட்டும் முறை எளியது. பகலிலேயே எந்தெந்த மரங்களை வண்டுகள் நாடும் என்பதைக் குறித்துக்கொள்வர். இருட்டியதும் மரத்தின் கீழே பழைய துணிகளை விரிப்பர். வண்டுகள் மரத்தில் அமர்ந்து சிறிது நேரம் சென்றபின், நீண்ட துறட்டியால் கிளைகளைப் பற்றி உலுக்குவர். வண்டுகள் சடசடவென்று துணியின்மேல் உதிரும். உடனே அவற்றை வாரி, மண்ணெண்ணெய் கலந்த நீர் நிறைந்த வாளியில் இடுவர். மூன்று நான்கு இரவுகள் இவ்வேலை தொடரும். சிறுவர்கள் இதில் ஆர்வத்துடன் ஈடுபடுவது உண்டு. வண்டு கடிப்பதில்லை, கொட்டுவதுமில்லை. எனினும், மண்ணெண்ணெய் வாளியைக் கையாள்வது பெரியோர் பொறுப்பு.

விரைவு இதில் இன்றியமையாதது. முட்டையிடுவதற்கு முன் பிடிபடும் ஒவ்வொரு பெண் வண்டும், பின்னர் வேரைத் தின்ன இருந்த பல புழுக்களை இல்லாமல் ஆக்குகிறது. ஒரு வாரம் தாழ்த்தி மரத்தை உலுக்கினாலும் வண்டுகள் விழும்; ஆனால் முட்டைகள் அதற்குள் மண்ணில் சேர்ந்திருக்கும்.

மரங்கள் பலவாக இருப்பின் எல்லாவற்றையும் உலுக்குதல் இயலாது. இதற்கு வண்டின் இயல்பையே பயன்படுத்தும் வழி ஒன்று உண்டு. இவ்வகைப் பெண் வண்டுகள் ஒருவகை மணப்பொருளை வெளியிட்டுத் துணையை அழைக்கின்றன. அப்பொருள் அனிசோல் என்னும் வேதிப்பொருளே என்று அறிவியலார் கண்டறிந்தனர். சோம்பின் மணத்தை நினைவூட்டும் நிறமற்ற நீர்மம் அது. அதில் தோய்த்த பஞ்சுத் துண்டுகளைக் குறிப்பிட்ட சில மரங்களில் மட்டும் தொங்கவிட்டால், சுற்றுவட்டாரத்து வண்டுகள் அம்மரங்களிலேயே பெருமளவில் கூடுகின்றன. அங்கே அவற்றை அழிப்பது எளிது. ஜெய்ப்பூரின் துர்காபுராவில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம், மண்வாழ் பூச்சிகள் பற்றிய அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் தலைமையிடமாகும். இத்தகைய முறைகளை உழவரிடம் கொண்டு சேர்ப்பதில் அந்நிலையத்தின் பங்கு பெரிது.

வண்டுகளுக்கு இடம் தரும் மரங்களையே வெட்டிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். வன்னி ராஜஸ்தானின் மாநில மரம். அதன் இலை ஆட்டுக்கும் ஒட்டகத்திற்கும் தீவனம். அதன் காய் மக்களுக்குக் கறி. தமிழ்நாட்டிலும் சிவன் கோயில்கள் சிலவற்றில் வன்னியே தலமரமாக விளங்குகிறது. வறண்ட நிலத்தில் நிழலும் உணவும் தரும் மரத்தைப் பூச்சிக்காக வீழ்த்துவது பேதைமை. மழைக்கு முன் சில மரங்களின் கிளைகளைக் கழித்துவிட்டு, வண்டுகளை எஞ்சிய சில மரங்களுக்கு வரச்செய்வதே போதுமானது.

ஒருவர் மட்டும் செய்தால்

முறை எளியதாயினும் அதனை நடத்துவது எளிதன்று. முதல் மழை பெய்யும் நாளே விதைப்பு தொடங்கும் நாளும் ஆகும். ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். பகல் முழுவதும் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் துறட்டியுடன் மரத்தடிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. மழை என்று வரும் என்பதையும் முன்கூட்டி உறுதியாகக் கூற முடியாது. அதனால் துணி, துறட்டி, வாளி ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அதனினும் பெரிய இடர்ப்பாடு வேறொன்று. வண்டு வரப்பை மதிப்பதில்லை. ஒரு வயலில் எழுந்த வண்டு அடுத்தவர் மரத்தில் உண்டு, மூன்றாமவர் நிலத்தில் முட்டையிடும். பத்துக் குடும்பங்கள் வாழும் ஓர் ஊரில் ஒருவர் மட்டும் தம் வேம்பை உலுக்கினால், அவர் நிலத்திற்கு ஏனைய ஒன்பது பேரின் மரங்களிலிருந்து வண்டுகள் வந்து சேரும். அவர் உழைத்த உழைப்பு அவருக்கே பயன்படாது போகும். மாறாக, ஒன்பது பேர் உலுக்கி ஒருவர் மட்டும் வாளாவிருந்தால், அவருடைய மரம் சுற்றியுள்ள நிலங்களுக்கெல்லாம் வண்டு வழங்கும் இடமாகிவிடும்.

வாளாவிருப்பவர் சோம்பேறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிலத்தை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். உலுக்க ஆளில்லாத முதியவராக இருக்கலாம். சாலையோர வேம்பும், மேய்ச்சல் நிலத்து வன்னியும், கோயில் தோப்பும் எவருடைய பொறுப்பு என்னும் வினாவும் எழும். ஆகையால், இது ஒரு வயலின் வேலையாக அன்றி ஓர் ஊரின் வேலையாகத் திட்டமிடப்படும்போதே பயன் தருகிறது. ஆளில்லாத மரத்தை எவர் உலுக்குவது என்பதை மழைக்கு முன்பே கூடிப் பேசி முடிவு செய்யும் ஊர், ஆகஸ்ட் மாதத்தில் இழப்பைக் குறைத்துக்கொள்கிறது.

வயலுக்குள் செய்ய வேண்டியவை

மரத்தடியில் எத்தனை முயன்றாலும் சில வண்டுகள் தப்பவே செய்யும். அதனால் வயலிலும் காப்பு வேண்டும். அறுவடை முடிந்ததும் நிலத்தை உழுதால், மேற்பகுதியில் இருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெளிப்படும். ஏரின் பின்னே காக்கையும் மைனாவும் கொக்கும் அணிவகுத்து நடந்து அவற்றைக் கொத்தித் தின்னும். ஆழத்திற்குச் சென்றுவிட்டவை ஏருக்கு எட்டா. தொழுவுரத்தை நன்கு மட்கிய பின்னரே நிலத்தில் இட வேண்டும். மட்காத எரு இளம்புழுவுக்கு உணவாகிவிடும்.

விதைக்கும் முன் விதைகளின்மேல் பூச்சிமருந்தைச் சிறிதளவு பூசும் முறையும் இன்று பரவலாக உள்ளது. இதனை விதைநேர்த்தி என்பர். நிலம் முழுவதும் மருந்தை இடாமல், வேர் தோன்றும் இடத்தில் மட்டும் காப்பளிப்பது இதன் சிறப்பு. முன்னர் நிலைமை வேறாக இருந்தது. போரேட் என்னும் குருணை மருந்தை உழவர்கள் மண்ணில் தூவி வந்தனர். அது மனிதருக்கும் பறவைகளுக்கும் கொடிய நஞ்சாகும். அம்மருந்தின் பயன்பாட்டை இந்திய அரசு 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்தது. மருந்து தூவிய மண்ணில் புழுவைக் கொத்தவரும் மைனாவும் மடியுமானால், உழவர் தம் துணைவரையே இழந்தவராவார்.

புழுவுக்குப் பகை

வேர்ப்புழுவுக்கும் மண்ணுக்குள் பகைவர் உண்டு. மெட்டாரைசியம் என்பது ஒரு பூஞ்சை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே புகுகிறது. உடலுக்குள் பரவிப் புழுவைக் கொல்கிறது. இறந்த புழு விறைத்துப்போய், அதன்மேல் பசிய தூள் படர்ந்திருக்கும். அத்தூள் முழுவதும் அடுத்த புழுவைத் தேடும் வித்துகளே. பவேரியா என்னும் பூஞ்சையும் இவ்வாறே செயல்படுகிறது. அதனால் இறந்த புழு வெண்மாவு பூசியதுபோல் தோன்றும். இப்பூஞ்சைகளை மட்கிய தொழுவுரத்துடன் கலந்து ஈரமண்ணில் இடுவர். மருந்தைப் போல் இவை உடனே கொல்வதில்லை. ஈரம் குறைந்த மணலில் இவற்றின் ஆற்றலும் குறையும்.

மற்றொரு பகை, கண்ணுக்குப் புலப்படாத நூற்புழு. 1992-இல் அறிவியலார் ஒரு புதிய நூற்புழு வகைக்கு ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று பெயரிட்டனர். அது கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டதாகும். கரும்பு ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்ற அவ்வூரில் கிடைத்த அச்சிற்றுயிர் இன்று இந்தியாவின் பல பகுதிகளில் வேர்ப்புழுவுக்கு எதிராகப் பயன்படுத்தப்படுகிறது. மண்ணில் ஊர்ந்து சென்று புழுவின் உடலுக்குள் நுழையும் நூற்புழு, தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை அங்கே வெளியிடுகிறது. ஓரிரு நாள்களில் வேர்ப்புழு இறந்துவிடுகிறது. அதன் உடலை உண்டு பெருகும் நூற்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறி வேறு புழுக்களை நாடிச் செல்கின்றன.

மரம் நாடாத வண்டு

ஓரிடத்தில் பயன்தந்த முறை மற்றோரிடத்திலும் பயன்தரும் என்று கொள்ள முடியாது. அசாம் மாநிலத்தில் பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே மாஜுலி என்னும் பெரிய தீவு உள்ளது. அங்கே கரும்பு, உருளைக்கிழங்கு முதலிய பயிர்களை லெப்பிடியோட்டா மான்சுவேட்டா என்னும் வண்டின் புழு அழித்து வந்தது. ஜெய்ப்பூர் வழியைப் பின்பற்றி மரங்களை உலுக்கினால் அங்கே ஒன்றும் விழாது. ஏனெனில் அவ்வண்டு வளர்ந்தபின் இலையை உண்பதே இல்லை. ஆகவே மரத்தைத் தேடி வருவதுமில்லை. அதன் வாழ்க்கைச் சுழற்சியும் ஓராண்டன்று, ஈராண்டு.

அவ்வண்டு ஒளியை நாடி வருவது. எனவே அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் தீவின் உழவர்களும் சேர்ந்து விளக்குப்பொறிகளை அமைத்தனர். விளக்கைச் சுற்றிப் பறந்து தடுப்பில் மோதும் வண்டுகள் கீழேயுள்ள கலத்தில் விழுகின்றன. உத்தராகண்டின் அல்மோராவில் உள்ள மலைவேளாண்மை ஆராய்ச்சி நிறுவனமும் குர்முலா வண்டுகளுக்கென்றே ஒரு விளக்குப்பொறியை வடிவமைத்துள்ளது. துறட்டியா, விளக்கா என்பதை முடிவு செய்வது அந்தந்த வண்டின் பழக்கமே.

ஆகஸ்ட் மாதத்தில் உழவர் செய்யும் வேலை ஒன்று எஞ்சியுள்ளது. வயலில் ஆங்காங்கே ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத்தில் சிறு குழிகள் தோண்டுவர். எடுத்த மண்ணைச் சலித்து, அதிலுள்ள புழுக்களை எண்ணுவர். எந்த மூலையில் புழு மிகுதி, எந்த மரத்தை ஒட்டிய நிலத்தில் மிகுதி என்பதைக் குறித்து வைப்பர். அடுத்த ஜூனில் முதலில் எந்த மரத்தின் கீழே துணி விரிப்பது என்பதை அக்குறிப்பைக் கொண்டே முடிவு செய்வர்.